வித்தும் பருவமும்

(பௌர்ணமி நாள் சொற்பொழிவு)



சென்ற மாதப் பௌர்ணமியன்று வந்தனை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நம் சங்கத்து உபாசகி ஒருவர் எம்மிடம் தனித்து வந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். நம் வித்து அவ்வளவுதான், முற்பிறவி வினை, பையனை வேலைக்கு அனுப்பிவிடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். பிறப்பினால் தாழ்வில்லை என்று கேட்டுத்தானே இந்தத் தன்மத்துக்கு வந்தோம்? இப்போது நான் என்ன செய்யட்டும்?” என்றார்.

அன்று அந்த அம்மையாருக்குச் சுருக்கமாகவே விடை கூற முடிந்தது. வீடு திரும்பிய பின்னர் அக்கேள்வி எம்மை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். இன்றைய சொற்பொழிவு அக்கேள்விக்கே விடையாகும்.

“நம் வித்து அவ்வளவுதான்” என்கிறார்கள். வித்து என்பது செடிக்குரிய சொல். ஆகவே முதலில் செடியையே கேட்போம். ஒரு செடி தழைப்பதும் தேய்வதும், நிமிர்வதும் சாய்வதும் எதனால்? வித்தினால் மட்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் புத்தகயை யாத்திரையை முடித்துக்கொண்டு யாமும் அன்பர்கள் சிலரும் கொல்கத்தா நகரில் தங்கினோம். கல்லூரிச் சதுக்கத்தில், 1920ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தர்மராஜிக விகாரையில் வழிபட்டோம். அங்கே அறிமுகமான வங்காளி உபாசகர் ஒருவர், “நீங்கள் போதி மரத்தைப் பார்த்து வந்தீர்கள், வணங்கும் மரத்தின் கதையைக் கேட்டதுண்டா?” என்று வினவினார். அவர் சொன்னதையும், பின்னர் யாம் படித்தறிந்ததையும் சேர்த்து இங்குக் கூறுகிறோம்.

இன்றைய வங்கதேசத்தில் பரீத்பூர் என்னும் ஊர் உள்ளது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு அவ்வூரில் ஓர் ஈச்சமரம் இருந்தது. புயலொன்றில் சாய்ந்து, சாய்ந்தபடியே உயிர்வாழ்ந்த மரம் அது. மாலை வேளையில் கோயில் மணி ஒலிக்கும்போது அம்மரம் தலையைத் தாழ்த்தித் தரையை வணங்கும். காலையில் மீண்டும் தலைதூக்கி நிற்கும். இதைக் கண்ட மக்கள் வியந்து, மரத்துக்குத் தெய்வத்தன்மை உண்டென நம்பிக் காணிக்கை செலுத்தினர்.

இச்செய்தி கொல்கத்தாவில் இருந்த பேரறிஞர் ஜகதீச சந்திர போசின் செவிக்கு எட்டிற்று. 1858இல் பிறந்து 1937இல் மறைந்த இப்பெரியார், தாவரங்களின் வாழ்வை ஆராய்வதில் தம் பிற்கால வாழ்வு முழுவதையும் செலவிட்டவர். அவர் அம்மரத்தைப் பொய்யென்று தள்ளவுமில்லை, தெய்வமென்று கும்பிடவுமில்லை. மரத்தின் அசைவைத் தானே பதிவு செய்யும் கருவியொன்றை அதில் பொருத்த விரும்பினார்.

மரத்துக்கு உரியவர் முதலில் இசையவில்லை. அயல்நாட்டுக் கருவி போன்ற ஒன்று தீண்டினால் மரத்தின் மகிமை கெட்டுவிடும் என அஞ்சினார். கருவி இந்நாட்டிலேயே தம் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது என்றும், அதைப் பொருத்தப்போகும் உதவியாளர் ஒரு புரோகிதரின் மகன் என்றும் போசு உறுதி கூறிய பிறகே அனுமதி கிடைத்தது. சகோதரர்களே, இதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஒரு மரத்தைத் தொடுவதற்கும் பிறப்பைக் காட்ட வேண்டியிருந்தது! தீட்டு என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த நமக்கு இது புதிதன்று.

நிற்க. கருவி என்ன காட்டிற்று? மக்கள் மாலையிலும் காலையிலும் மட்டுமே மரத்தைக் கண்டனர். கருவியோ இரவும் பகலும் இமையாது கண்டது. அம்மரம் ஒரு கணமும் அசையாமல் இருந்ததில்லை. காற்றில் வெப்பம் ஏற ஏற அது தாழ்ந்தது. வெப்பம் குறையக் குறைய உயர்ந்தது. மணியோசைக்கும் மரத்துக்கும் தொடர்பில்லை. மரத்தின் பக்தி என்று மக்கள் எண்ணியது, மரத்தைச் சூழ்ந்திருந்த தட்பவெப்பத்தின் செயல். இவ்வாராய்ச்சியை 1918இல் வெளிவந்த நூலொன்றில் போசு விரிவாக எழுதியுள்ளார்.

அவர் இத்துடன் நிற்கவில்லை. செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை உருவாக்கினார். செடி சராசரியாக ஒரு நொடிக்கு ஓர் அங்குலத்தின் இலட்சத்தில் ஒரு பங்குதான் வளர்கிறது. அதை எக்கண்ணால் காண்பது? அக்கருவி அதைக் காட்டிற்று. ஓர் உரம் செடிக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்பது சில நிமிடங்களில் புலப்பட்டது. குளிர் மிகுந்தால் வளர்ச்சி குன்றிற்று. இதமான வெப்பத்தில் விரைந்தது. வெப்பம் அளவு கடந்தால் மீண்டும் குன்றிற்று. ஊசியால் குத்திய செடியின் வளர்ச்சி தளர்ந்தது. செடிக்கு மனிதரைப் போலவே நரம்பும் உணர்ச்சியும் உண்டென்னும் அளவுக்கு அவர் கூறியவற்றை அக்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் ஒளி, வெப்பம், நீர், காற்று, மண் ஆகிய இவற்றுக்கேற்பவே செடி வளர்கிறது என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை.

இதை அறிய நமக்குக் கருவியும் வேண்டுவதில்லை. ஒரே காயிலிருந்து எடுத்த இரண்டு அவரை விதைகளில் ஒன்றை வெயில்படும் இடத்திலும், மற்றொன்றை இருட்டறையிலும் முளைக்க விடுங்கள். இருட்டில் முளைத்தது வெளுத்து, மெலிந்து, நெட்டையாக நீண்டு, இலை விரியாமல் நிற்கும். அதை ஈன வித்து என்று சொல்லலாமா? அது ஒளியைத் தேடித்தான் அவ்வாறு நீண்டது. வெளியில் கொண்டுவந்து வையுங்கள். பச்சை பிடித்து இலை விரிக்கும். நம் நாட்டு நீண்டகாலச் சம்பா நெல்லைப் பாருங்கள். பகற்பொழுது குறுகும் காலம் வந்தாலன்றி அது கதிர்விடாது. அதுவரை கதிர் வரவில்லையே என்று எந்த உழவனும் அதை மலட்டு நெல் என்று பழிப்பதில்லை. அதன் பருவத்துக்காகக் காத்திருக்கிறான்.

செடியை விட்டு, எம் தொழிலுக்கு வருவோம். யாம் இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சாலையொன்றின் நூற்புக் கூடத்தில் வேலை செய்தோம். பஞ்சாலையில் நூல் ஓடுவதற்குப் பஞ்சும் இயந்திரமும் மட்டும் போதா. காற்றில் ஈரம் வேண்டும். காற்று வறண்டால் நூல் வலிமையிழந்து அறும். இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலிர்த்து உருளையில் சுற்றிக்கொள்ளும். ஒரு சித்திரை மாதத்தில் ஈரம் தெளிக்கும் இயந்திரம் பழுதாயிற்று. அன்று எம் வரிசையில் நூல் ஓயாது அறுந்தது. ஓடி ஓடி முடிந்தும் தீரவில்லை. மேஸ்திரி வந்து, “உன் கை ராசி அப்படி, உன் ஆட்களே இப்படித்தான்” என்று ஏசினார். கூலியிலும் பிடித்தம் செய்தனர். மறுநாள் இயந்திரம் ஓடிற்று. அதே பஞ்சு, அதே கை, நூல் அறவில்லை. ஆனால் பிடித்த கூலி திரும்பவில்லை. சொன்ன சொல்லும் திரும்பவில்லை.

அந்த மேஸ்திரியை யாம் நெடுநாள் மனத்துள் பழித்துவந்தோம். பின்னர் ஒரு நாள் எம்மையே பழிக்க வேண்டியதாயிற்று.

எம் மகன் ஒன்பதாம் வகுப்பில் தவறினான். அப்பொழுது யாம் பஞ்சசீலம் ஏற்று ஏழாண்டுகள் ஆகியிருந்தன. மேடையேறிப் பேசவும் தொடங்கியிருந்தோம். ஆயினும் அவனிடம் யாம் சொன்ன சொல் என்ன தெரியுமா? “உனக்கு விதித்தது அவ்வளவுதான். மூட்டை தூக்கப் போ” என்பதே. கையாலும் அடித்தோம். எங்கள் வீடு ஒற்றை அறை. அடுத்த சுவருக்கு அப்பால் மாவரைக்கும் இயந்திரம். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் உறங்குவதற்காக அவனை வெளியே போகச் சொன்னவர் யாம். பகல் ஷிப்டு வந்தால் இரவில் விளக்கை அணைக்கச் சொன்னவரும் யாமே. அவன் எங்கே அமர்ந்து படித்திருப்பான் என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. வறண்ட காற்றை விட்டுக் கையைப் பழித்த மேஸ்திரிக்கும் எமக்கும் வேறுபாடு யாது?

இன்று அவன் ஒரு கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிறான். உழைப்பில் இழிவில்லை, அவன் நல்ல மகன், எம்மை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. சென்ற ஆண்டு அவன் தன் சிறு மகளுக்காக வீட்டின் ஒரு மூலையில் பலகை மேசையொன்றை வைத்து, விளக்கு மாட்டி, குறுக்கே ஒரு திரையும் கட்டினான். யாதும் பேசவில்லை. யாம் அத்திரையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றோம். உபாசகியாரின் கேள்வி எம்மை உறங்கவிடாத காரணம் இதுதான்.

இனி, நம் தன்மம் யாது கூறுகிறது என்று பார்ப்போம். “முற்பிறவி வினை” என்று பெரியவர்கள் கூறுவது பௌத்தமா?

பகவன் புத்தர் இராசகிருகத்தில் வேணுவனத்தில் எழுந்தருளியிருந்தபோது மோலியசீவகன் என்னும் பரிவிராசகன் வந்து, மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையாலேயே வருகின்றன எனச் சிலர் சொல்லுகிறார்களே, இதற்கு என்ன கூறுகிறீர் என்று வினவினான். பகவன் அதை ஏற்கவில்லை. பித்தத்தால் வருவதுண்டு, சிலேத்துமத்தால் வருவதுண்டு, வாதத்தால் வருவதுண்டு, பருவ மாற்றத்தால் வருவதுண்டு, பிறர் தாக்குவதால் வருவதுண்டு என்று எண்ணிக் காட்டி, வினைப்பயனை எட்டனுள் ஒன்றாக மட்டுமே வைத்தார். எல்லாம் முன்வினையே என்பவர்கள் கண்கூடாகத் தெரிவதையும் கடந்து பேசுகிறார்கள் என்றும் உணர்த்தினார். இது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

பிற்காலத்து அட்டகதை ஆசிரியர்கள் இதையே ஐந்து நியதிகளாக வகுத்தனர். முதலாவது உது நியதி. உது என்னும் பாலிச் சொல் பருவத்தையும் தட்பவெப்பத்தையும் குறிக்கும். இரண்டாவது வித்து நியதி. நெல்லிலிருந்து நெல்லே முளைக்கும் என்பது. மூன்றாவது வினை நியதி. நான்காவது மன நியதி. ஐந்தாவது தன்ம நியதி. வினை ஐந்தனுள் ஒன்று. பருவத்தின் குற்றத்தை வினையின் தலையில் சுமத்துவது அறியாமை. அறிந்தே சுமத்துவது வஞ்சகம். நம் முன்னோர்க்கு நிலமில்லை, நீர்த்துறையில்லை, பள்ளியில்லை என்று ஆக்கி வைத்தவர்கள், அவர்கள் தழைக்காததைக் கண்டு “இவர்கள் வினை” என்றனர். அச்சொல்லை இன்று நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாம் சூழ்நிலையே என்றால், நாம் முயல்வதற்கு என்ன இருக்கிறது? சூழ்நிலை என்பதும் மற்றொரு தலைவிதி ஆகாதா?

பரீத்பூர் மரமே இதற்கும் விடை தருகிறது. சில காலம் சென்றபின் அம்மரம் பட்டுப்போயிற்று என்றும், அதன் அசைவும் நின்றுவிட்டது என்றும் போசுக்குச் செய்தி வந்தது. வெப்பம் முன்போலவே ஏறிற்று, இறங்கிற்று, மரம் அசையவில்லை. ஆகவே, வெளியிலிருக்கும் வெப்பம் மட்டும் அசைவுக்குக் காரணமன்று. ஏற்பதற்கு உள்ளே உயிர் வேண்டும். பகவனும் வித்துவமையில் இரண்டையும் வைத்துக் கூறினார். வித்து பழுதற்றதாக இருந்தும் மண்ணும் நீரும் இல்லையாயின் முளைக்காது. மண்ணும் நீரும் இருந்தும் வித்து அழுகியதாயின் முளைக்காது. இரண்டும் கூடினாலே முளைக்கும். இது இருப்பதால் அது தோன்றுகிறது என்னும் சார்பில் தோற்றம் இதுவேயாம். மணிமேகலையின் இறுதிக் காதையில் சாத்தனார் பன்னிரு நிதானங்களாக விரித்துரைப்பதும் இதுவே.

அவ்வுவமையைப் பகவன் எதற்காகக் கூறினார் என்பதையும் மறவாதீர்கள். ஆசையென்னும் நீர் பாய்ந்தால் பிறவிப்பயிர் செழிக்கும் என்பதைக் காட்டவே கூறினார். நற்பயிர் வளரும் விதியே களைக்கும் விதி. எனவே எதற்கு நீர் பாய்ச்சுவது, எதை வறள விடுவது என்று தேர்ந்து செய்வது நம் கையில் இருக்கிறது. கூலி வாங்கும் நாளில் மதுக்கடை வழியே நடந்து வருபவன் களைக்கு நீர் பாய்ச்சுகிறான். அவன் தெருவை மாற்றட்டும். மனம் மாறுவதற்கு அது துணைசெய்யும்.

கொல்கத்தாவில் யாம் கண்ட மற்றொரு மரத்தையும் கூறுவோம். ஹூக்ளி ஆற்றின் மேற்கரையில், ஹவுராவைச் சேர்ந்த சிப்பூரில், 1787இல் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டம் உள்ளது. 2009ஆம் ஆண்டிலிருந்து அது ஆசாரிய ஜகதீச சந்திர போசின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே 250 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பெரிய ஆலமரம் ஒன்று உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு காடு போலவே தோன்றும். 1864இலும் 1867இலும் வீசிய புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் பூஞ்சை பற்றி நடுமரம் உளுத்தது. ஐம்பது அடிச் சுற்றளவுள்ள அந்த நடுமரத்தை 1925இல் வெட்டி அகற்றிவிட்டனர். ஆனால் ஆலமரம் சாகவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் தூண்களாக ஊன்றி அதைத் தாங்குகின்றன. 2020ஆம் ஆண்டு அம்பன் புயலில் விழுதுகள் பல சேதமுற்றன. அப்பொழுதும் மரம் நின்றது.

இத்தனை விழுதுகள் இறங்கக் காரணம் யாது? ஆலின் இயல்பு ஒன்று. வங்காளத்தின் ஈரக்காற்று மற்றொன்று. காற்று வறண்ட இடத்தில் விழுது தரையை எட்டுமுன் காய்ந்து நின்றுவிடும். எம் பஞ்சாலையில் நூலைக் காத்த அதே ஈரந்தான் இங்கு விழுதைக் காக்கிறது. மூன்றாவதாக மனிதர் கையும் உண்டு. அந்தரத்தில் தொங்கும் இளவிழுதைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டு, மண்ணிட்டு, தரையைத் தொடும்வரை காப்பது தோட்டக்காரர் வழக்கம். மண்ணைத் தொட்டபின் அதற்கு மூங்கில் தேவையில்லை. அதுவே மரத்தைத் தாங்கும். நமக்கும் நடுமரம் என்று சொல்ல நிலமோ செல்வமோ இல்லை. நம் பிள்ளைகளே விழுதுகள். ஒன்றிரண்டு தேர்வில் தவறிய பிள்ளை, இன்னும் தரையை எட்டாத விழுது, அவ்வளவே.

ஆகவே, உபாசகியாரே, உங்கள் மகனை வேலைக்கு அனுப்ப வேண்டாம். துணைத்தேர்வு இருக்கிறது, எழுதட்டும். தவறிய இரண்டு பாடங்கள் எவை, அவற்றைப் படிக்கையில் அவன் எங்கே அமர்ந்திருந்தான், எவர் சொல்லிக் கொடுத்தார், இரவில் எத்தனை நாழிகை உறங்கினான் என்று முதலில் கேளுங்கள். அவனும் ஒன்று செய்ய வேண்டும்: விளக்கு கிடைத்தபின் கண்ணை மூடலாகாது. மூங்கிலைப் பிறர் வைக்கலாம். மூங்கிலுக்குள் இறங்க வேண்டியது விழுது.

மற்றையோருக்கும் சொல்லுகிறோம். வீட்டில் பிள்ளை படிக்கும் வேளையில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைப்பேசியை அடக்குங்கள். “வித்து”, “விதி”, “தலையெழுத்து” என்னும் சொற்களைப் பிள்ளைகளின் காதில் விழவிடாதீர்கள். ஊசிக்குத்துக்கே செடி தளர்கிறதென்றால், பெற்றோரின் சொற்குத்துக்குப் பிள்ளை தளராதா? நம் சங்கத்தின் பின்னறை வந்தனை நாளன்றி மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கிறது. இனி அதை மாலை 6 மணி முதல் 9 மணி வரை பிள்ளைகளுக்காகத் திறந்து வைப்போம். இரண்டு மேசை, நல்ல விளக்கு, குடிநீர், அமைதி, இவை போதும். நாள்தோறும் யாம் அங்கு அமர்ந்திருப்போம். கணக்கும் ஆங்கிலமும் எமக்குத் தெரியா. தெரிந்த இளைஞர்கள் வாரத்துக்கு ஒரு மாலை தாருங்கள்.

“இவ்வளவு சிறிய உதவியால் என்ன ஆகும்?” என்று எண்ணாதீர்கள். 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கொல்கத்தாவில் போசு தம் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தபோது, அதன் கட்டடத்தில் நெல்லிக்கனியைச் சின்னமாகப் பொறித்திருப்பதன் காரணத்தைக் கூறினார். அசோகப் பேரரசர் தம்மிடமிருந்த அனைத்தையும் சங்கத்துக்கு ஈந்து, இறுதியில் அரை நெல்லிக்கனியே எஞ்சிற்று. அதையும் ஈந்தார் என்பது நம் நூல்களில் உள்ள வரலாறு. அக்கனியை நசுக்கிக் குழம்பில் கலந்து சங்கத்தார் அனைவரும் பகிர்ந்துண்டனர் என்றும் கூறுவர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானை அறிந்த தமிழர்க்கு இக்கொடையின் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம்மிடம் இருப்பதும் அரைக்கனியே: ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு மாலைப்பொழுது. எம் மகனுக்கு யாம் இதைக் கொடுத்தோமில்லை. உங்கள் மகனுக்காவது கொடுக்க விரும்புகிறோம். வரும் திங்கட்கிழமை மாலை 6 மணிக்குப் பின்னறை திறந்திருக்கும். பிள்ளையை அனுப்புங்கள்.

எல்லா உயிர்களும் தத்தம் பருவம் பெற்றுத் தழைக்கட்டும்!

சாது! சாது! சாது!